குடைக் கல்

நர்போன் நகரத்தில், எங்கள் வீட்டு ஒயின் கிடங்குக்குள் காலை வெயில் சாய்ந்து குடைக் கல்லின்மேல் விழுகிறது. விரித்த குடையும் நீண்ட காம்புமாய்ச் செதுக்கிய அந்தச் சுவர்க்கல்லுக்கு எங்கள் குடும்பம் வைத்த பெயர் அது. அதன்மேல் படிந்த சுண்ணாம்பைச் சுரண்டி முடித்த கொத்தனார் அமெதே, இப்போது உளியை எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என் அண்ணி ரோசினின் ஒயின் கடை திறப்பு. இந்தச் சுவரை உடைத்தால்தான் கடைக்கு வாசல். உருண்டோடிய ஆணியை எடுக்கச் சுவருக்கு முதுகு காட்டிக் குனிகிறேன். கால்களுக்கிடையே கல் தலைகீழாகத் தெரிகிறது. குடையே இல்லை, கப்பல்! காம்புதான் பாய்மரம். பலகைமேல் ஒருவன் ஜாடியைத் தோளில் சுமந்து இறங்குகிறான்.

“நிறுத்துங்க கொத்தனாரே!” என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. “அண்ணி, குனிஞ்சு பாருங்க! ரோமாபுரிக்காரன் கப்பல்!”

“உனக்கென்ன பைத்தியமாடி? ரோமாபுரிக்காரன் துறைமுகமே சேத்துல போச்சு. ஊருல அவன் தூண் ஒண்ணுகூட நிக்கல. இந்தக் கல்லுக்கா கத்துற?”

“பழைய கல்லுதானேன்னு இந்தச் சுவரைக் கட்டினவன் தலைகீழா வச்சுட்டான், ரோசினம்மா.” அமெதேயும் குனிந்துவிட்டார்.

திட்டிக்கொண்டே ரோசினும் குனிகிறாள். அவள் கூந்தல் தரையைக் கூட்டுகிறது. என் காதுக்குள் ரத்தம் இரைகிறது. கடல் விலகிப்போன இந்த ஊரில் அலையைக் கேட்பதுபோல் இருக்கிறது.

“ஐயையோ, சரக்கு இறக்குறான்டி!” சிவந்த முகத்தோடு நிமிர்ந்தவள், இரண்டு கைகளையும் விரித்துச் சுவரை மறைக்கிறாள். “யாரும் இதுல கை வைக்கக் கூடாது. குடிக்க வர்றவன் ஜன்னல் ஏறிக் குதிச்சு வரட்டும்!”