வாயில்லா ஜீவன்

“மருந்துக்கு இனிமே கேட்காதுங்க. கண்ணை எடுத்துடறதுதான் நல்லது,” என்றார் டாக்டர்.

அப்பா மேசைப் பக்கம் குனிந்து பார்த்தார். மேசையில் துண்டுக்குள் சுருண்டு கிடந்தது பஞ்சு, மகள் வளர்க்கும் முயல். அதன் இடது கண்மணிக்குள் பால் திரிந்தது போல வெள்ளையாக ஒரு கட்டி.

“எப்படி டாக்டர்? வீட்டை விட்டு வெளியவே விடறதில்லையே.”

“கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணி. தாய் வயித்துலேயே தொத்திக்கிட்டு வந்திருக்கும். இத்தனை நாள் சத்தமில்லாம இருந்துட்டு இப்போ வேலையைக் காட்டுது. உங்க மேல தப்பில்ல.”

தப்பில்லை என்றதுதான் அவரை இன்னும் வதைத்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன எதையும் கழற்றிப் பார்த்து ஓட வைத்துவிடுவார். இங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கத்தான் முடிந்தது.

“எடுக்கறப்போ வலிக்குமா?” என்று கேட்டாள் மகள். எட்டு வயது. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

“மயக்க மருந்து கொடுத்துடுவோம்மா. ஒண்ணும் தெரியாது.”

“முன்னாடியே வந்திருந்தா?”

டாக்டர் தயங்கினார். “காப்பாத்தப் பார்த்திருக்கலாம். பாவம், வாயில்லா ஜீவன். அதுக்கு வந்து சொல்லத் தெரியுமா?”

மகள் தலை குனிந்துகொண்டாள். இன்னொரு கண்ணுக்குப் போடச் சொல்லி டாக்டர் நீட்டிய சொட்டு மருந்தை வாங்கக் கை நீட்டினாள். கை குப்பிக்கு எட்டாமல் காற்றைப் பிடித்தது. குப்பி கீழே விழுந்து உருண்டது.

“கவனம் எங்க இருக்கு?” என்று அதட்டிவிட்டு அப்பா உடனே நொந்துகொண்டார். குழந்தை பாவம், அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிறது.

பஞ்சுவை உள்ளே தூக்கிப் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. இருவரும் வெளி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“ஒரு கண்ணு போயிட்டா அதை யாருக்காவது கொடுத்துடுவோமாப்பா?”

“என்ன பேச்சு இது? அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளைதானே.”

“திட்ட மாட்டீங்கல்ல?”

“அதை எதுக்குடா திட்டப்போறேன்?”

அவள் அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். உள்ளே ஏதோ கருவி தட்டில் விழும் ஓசை கேட்டது. அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

“எனக்கும் ஒரு கண்ணு தெரியலப்பா.”