ஏழாவது தலை

ஐப்பசி மழையில் ஒழுகிக்கொண்டிருக்கிறது மூன்றாம் வகுப்பு. பதினாறாம் வாய்ப்பாடு தெரியாத ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். தெரியாதவர் தலையில் தெரிந்தவர் குட்ட வேண்டும். தம் கை நோகாதிருக்கக் கைலாசம் வாத்தியார் வைத்திருக்கும் சட்டம். இன்றைக்குத் தெரிந்தவள் கலாவதி. ஆறு தலை ஆயிற்று. ஏழாவது அவள் அக்கா நவநீதம். அப்பாவோடு தறியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இரண்டு வருஷமாக இதே வகுப்பில் இருக்கிறவள். கலாவதி எம்பிப் பார்க்கிறாள், எட்டவில்லை. "அக்கான்னு பாத்தியோ, அந்தக் குட்டு உனக்குத்தான்," என்கிறார் வாத்தியார். நவநீதம் முழங்காலை மடக்கித் தலையைத் தாழ்த்திக் கொடுக்கிறாள். "சீக்கிரம் குட்டிடும்மா," என்று கிசுகிசுக்கிறாள். எண்ணெய் வழிந்த வகிட்டில் ணங்கென்று விழுகிறது. வகுப்பே சிரிக்கிறது. "சபாஷ்!" என்கிறார் வாத்தியார். கலாவதிக்கு விரல் முட்டி எரிகிறது. ஆனாலும், வாத்தியார் அக்காவை இன்னொரு கணக்குக் கேட்கமாட்டாரா, இன்னொரு குட்டு வைக்கலாமே என்றிருக்கிறது.