மசிலுக்கு ஒரு வேர்ச்சொல்

"டாக்டர், என் தோள்ல சுண்டெலி ஓடுதுங்க!" தடிமனான கோட்டோடு வந்து நின்று நடுங்கினார் குடோன் காவலாளி.

சொற்களுக்கு வேர் தேடுவதென்றால் டாக்டருக்கு உயிர். காது கொடுத்துக் கேட்கத்தான் இதுவரை ஆள் கிடைத்ததில்லை. சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆகா! லத்தீன்ல 'முஸ்குலுஸ்'னா சுண்டெலி. அதுலருந்துதான் 'மசில்' வந்துது. தசை துள்றது எலி ஓடற மாதிரி இருக்குமாம். நீங்க லத்தீன் படிச்சவரா?"

"ஐயோ, இல்லீங்க! கோட்டு ஜிப்பு மாட்டிக்கிட்டு..."

"என்ன ஒரு தன்னடக்கம்! கோட்டைக் கழட்டவே வேணாம், இப்படியே போட்டுடறேன்."

தோளில் துள்ளிய மேட்டைப் பார்த்து, கோட்டுக்கு மேலேயே ஊசியை இறக்கினார்.

"கீச்!" என்று ஓர் அலறல்.

காவலாளி வாயே திறக்கவில்லை.