பஸ்ரா துப்பாக்கி

பெண்ணைப் பார்ப்பதற்கு முன் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்றார் ஆபிரகாம்.

"பொண்ணு எங்கயும் ஓடிடாது. அத வெளிச்சத்துக்குக் கொண்டாப்பா."

சவரிமுத்து, தங்கை மேரி இருந்த உள்ளறையை ஒரு முறை பார்த்தான். பிறகு பரணில் ஏறினான்.

வாயைக் கொடுத்தது அவன்தான். செத்துப்போன அப்பா முதல் உலகப் போரில் பஸ்ரா சண்டைக்குப் போனவர் என்றும், அவர் கொண்டுவந்த துப்பாக்கி இப்போது தன்னிடம் இருக்கிறது என்றும் செங்கல்பட்டில் சொல்லியிருந்தான். பட்டாளத்து வீடு என்றதும்தான் ஆபிரகாம் தன் மகனுக்குப் பெண் பார்க்கக் கோவளம் வரை வந்தார்.

அவரும் பட்டாளத்தில் இருந்தவர். துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலை.

சாக்கைப் பிரித்ததும் சவரிமுத்து கிரீட முத்திரையைக் காட்டினான். வெள்ளைக்காரன் போய் ஆறு வருடம் ஆகியும் அது மங்கவில்லை.

"கிரீடம் எல்லாத்துலயுந்தான் கீது."

ஆபிரகாம் போல்ட்டை இழுத்துத் திறந்தார். அங்கே கட்டைவிரல் நகத்தை வைத்து, வெளிச்சம் நகத்தில் பட்டு உள்ளே போகும்படி பிடித்துக்கொண்டு, குழாயின் முன்வாய் வழியாகப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

"சண்டைக்குப் போற துப்பாக்கின்னா உள்ள புரி சுத்திகினு போவும். இதுல இல்ல. கடைஞ்சி வழவழன்னு ஆக்கிட்டான். கூட்டத்தச் சுட போலீசுக்குக் குடுக்கறது இது."

"மாமா, அப்பா பஸ்ரான்னுதான் சொல்வாரு."

"உங்கப்பன் ஒண்ணு சொல்றான். துப்பாக்கி வேற சொல்லுது."

ஆபிரகாமின் தம்பி போலீஸ் குண்டுக்குச் செத்தவர். இருபது வருடத்துக்கு முன், உப்பளத்தில் கூலி கேட்டு நின்ற கூட்டத்தில். அன்று செத்தது அவர் ஒருவர்தான்.

சவரிமுத்துவுக்கு அது தெரியும். அவன் கை சாக்கைச் சுருட்டத் தொடங்கியது.

சமையலறை வாசலில் நின்றிருந்த அவன் அம்மா கன்னியம்மா முன்னால் வந்தாள்.

"போலீஸ்லதாண்ணே இருந்தாரு. பஸ்ரான்னது புள்ளைங்களுக்காக. உப்பளத்துல கூலி கேட்டவங்களச் சுடச் சொன்னாங்க. மாட்டேன்னு துப்பாக்கியோட ஓடியாந்துட்டாரு. ஊர வுட்டே வந்து இங்க வலை இழுத்தாரு."

ஆபிரகாம் அவளைப் பார்க்கவில்லை. குழாயைத்தான் பார்த்தார்.

"சுடாம ஓடனாரா, சுட்டுட்டு ஓடனாரா? யாரு கண்டா?"

"நான் கண்டேன். ஆளுக்கு அஞ்சு தோட்டா குடுத்தாங்களாம். அஞ்சும் அப்டியே கீது."

உள்ளே போய்ப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தாள். கணவர் முடிந்து கொடுத்த நாளிலிருந்து அவள் அதை அவிழ்த்ததில்லை. முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அவள் முகத்தில் கலக்கமே இல்லை.

மேரி கதவு வரை வந்துவிட்டாள்.

தோட்டாக்கள் பாயில் உருண்டன. பித்தளையில் பச்சை பூத்திருந்தது.

ஆபிரகாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் நிமிர்த்தி வைத்தார். நான்காவதை வைத்துவிட்டு, கையை நீட்டியபடியே இருந்தார்.

கன்னியம்மா துணியை உதறினாள்.

திருப்பிப் பிடித்து, மறுபடியும் உதறினாள்.