தேநீர்க்கடைத் திட்டம்

அதிகாரி ஹக்பெர்தி எழுந்திருக்கிற வழியாகத் தெரியவில்லை.

சனோபர் டீச்சருக்கு முள்மேல் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. கணவர் உல்மஸ் இன்று சாயங்கால ரயிலில் ருஷ்யாவுக்குக் கிளம்புகிறார், கட்டட வேலைக்கு. போனால் இரண்டு வருஷமாவது ஆகும் திரும்பி வர.

"ஸ்டேஷனுக்கு வந்துடுவ இல்ல?" என்று சற்றுமுன்தான் போனில் கேட்டிருந்தார்.

"விருந்தாளி உட்கார்ந்திருக்காரு. நான் எப்படி எழுந்து வர்றது?" என்று வராந்தாவில் நின்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தாள்.

கோகந்து ஊரில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. விருந்தாளி எழுகிறவரை விருந்து வைத்தவள் கிளம்பக்கூடாது. உயிர் போகிற அவசரமானாலும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதிலும் வந்திருப்பவர் மாவட்டக் கல்வி அதிகாரி. அவள் பாடம் நடத்தும் பத்தாம் வகுப்பின் வணிகம்–கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்க வந்தவர். தாஷ்கெண்டில் நடக்கப்போகிற போட்டிக்கு யாரை அனுப்புவது என்பது அவர் கையில் இருந்தது.

அனுப்புவதென்றால் அவள் மாணவி இரோதாவைத்தான். தேநீர்க்கடை ஒன்றை நடத்துவதற்கு முழுத் திட்டமும் போட்டு, அதற்கான புரோகிராமையும் தானே எழுதியிருந்தாள். தாஷ்கெண்ட், தாஷ்கெண்ட் என்று தூக்கத்தில்கூட அந்தப் பெண் உளறியிருப்பாள்.

மத்தியானம் வகுப்பில் அதிகாரி அவளை மடக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, உன் கம்ப்யூட்டர் கிண்ணம் நிறைய டீ ஊத்தச் சொல்லுது. நீ அரைக் கிண்ணம்தான்னு போட்டிருக்க. எது சரி?"

"நிறைய ஊத்தினா பரிமாறுறவங்களுக்கு நடை மிச்சம்னு அது சொல்லுதுங்க ஐயா. பாவம், அதுக்கு நம்ம ஊரைத் தெரியாதே! நிறைஞ்ச கிண்ணத்தைக் குடுத்தா 'குடிச்சிட்டு நடையைக் கட்டு'ன்னுதானே அர்த்தம்? அப்புறம் எவன் நம்ம கடைக்கு வருவான்?"

அதிகாரி தொடையில் தட்டிச் சிரித்தார்.

"கம்ப்யூட்டர் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டாம யோசிச்சிருக்கா பாருங்க! தாஷ்கெண்டுக்கு இவ பேரை எழுதிட வேண்டியதுதான்."

அத்தோடு எழுந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். எங்கே? தலைமையாசிரியர் தன் அறையில் ரொட்டி, சம்சா, உலர்திராட்சை என்று மேஜையை நிரப்பிவிட்டார். அதிகாரியும் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு, தான் படித்த காலத்துக் கதையை ஆரம்பித்தார். அது முடிந்து, மாமனார் வீட்டு முலாம்பழத் தோட்டத்துக்கு வந்தார். நல்ல மனுஷர்தான். பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் தெரியவில்லை.

இருப்பதிலேயே சின்னவள் என்பதால் டீ ஊற்றுகிற வேலை இரோதாவுக்கு. சனோபர் வராந்தாவில் போன் பேசியபோதும் கெட்டிலோடு அவளைத் தாண்டித்தான் போய்வந்தாள். ஒவ்வொரு தடவையும் அரைக் கிண்ணம் ஊற்றி, இடது கையை நெஞ்சில் வைத்து, மரியாதையாக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு சம்சா எடுத்துக்குங்க ஐயா" என்று தலைமையாசிரியர் வேறு உபசாரம் செய்தார். சனோபருக்கு அவரை அப்படியே தூக்கி வெளியே எறியலாமா என்றிருந்தது.

"சம்சான்னதும் ஞாபகம் வருது. எங்க மச்சான் ஒருத்தன், பெரிய கதை அது..." என்றார் அதிகாரி.

சனோபர் சிரித்தாள். சுவர்க்கடிகாரத்தின் பக்கம் கண் போகாமல் பார்த்துக்கொண்டாள்.

வெந்நீர் கொண்டுவரப் போன இரோதா கெட்டிலோடு திரும்பி வந்தாள். அதிகாரியின் கிண்ணத்தை எடுத்தாள். ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கிண்ணம் விளிம்புவரை ததும்பியது. சிந்தாமல் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

மச்சான் கதை பாதியில் நின்றது. தலைமையாசிரியரின் முகம் வெளுத்தது.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"டீங்க ஐயா."

"அது தெரியுது. என்னை எழுந்து போகச் சொல்றியா?"

இரோதா தரையைப் பார்த்தாள். "புரோகிராம் சொல்ற மாதிரி ஊத்திப் பார்த்தேங்க."

அதிகாரி கிண்ணத்தைத் தொடவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"மத்தியானம் என்னமா பேசினா! படிப்பு ஏறின அளவுக்குப் பண்பு ஏறலை. தாஷ்கெண்டுக்கு வேற பேர் குடுங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். "ஐயா, சின்னப் பொண்ணுங்க, மன்னிச்சுக்குங்க" என்று தலைமையாசிரியர் பின்னாலேயே ஓடினார்.

சனோபருக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"உனக்குப் புத்தி பிசகிடுச்சா? உன் பேரை எழுதப்போற மனுஷனைப் போய் வெளியே அனுப்புறியே! இதுக்கா ராப்பகலா உட்கார்ந்து புரோகிராம் எழுதினே?"

"தப்புதான் டீச்சர்."

"தெரியாமப் பண்ணினாலும் பரவாயில்லை. நீதானேடி மத்தியானம் அதுக்கு அர்த்தம் சொன்னே!"

"அர்த்தம் தெரிஞ்சுதான் டீச்சர் ஊத்தினேன்."

"என்ன திமிர்டி உனக்கு!"

இரோதா ஆணியில் தொங்கிய டீச்சரின் கோட்டை எடுத்துவந்து, கையை நுழைக்க வசதியாக விரித்துப் பிடித்தாள்.

"வாசல்ல டாக்சி நிக்குது டீச்சர். ஸ்டேஷனுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். சீக்கிரம் போங்க, அண்ணன் தேடிட்டிருப்பாரு."