முதல் ஜோடி

ஆஸ்பத்திரி ஸ்கேன் அறை வாசலில், சுவரோரமாக இருபத்தொரு ஜோடி செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. கடைசி ஜோடி ரோசாவுடையது.

விடிவதற்குள் வந்தவர்கள் செருப்பை வரிசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஏழு மணிக்கு வாட்ச்மேன் தெய்வசிகாமணி வருவார். ஆளை எண்ண மாட்டார், செருப்பைத்தான் எண்ணுவார். இருபதோடு சாக்பீஸ் கோடு விழும். மிச்சப் பேருக்கு அடுத்த செவ்வாய்.

கருவடிக்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தும், மூன்று செவ்வாயாக ரோசா இருபத்தொன்றுதான். என்ன ராசியோ.

கழுத்துக் கட்டி மட்டும் எந்த வரிசையிலும் நிற்காமல் வளர்ந்துகொண்டிருந்தது. ஸ்கேன் பார்க்காமல் டாக்டர் மருந்து எழுத மாட்டார். ரோசாவுக்குப் பயமாக இருந்தது.

முதலிடத்தில் எப்போதும் அதே நீல ரப்பர் செருப்பு, குதிகால் தேய்ந்தது. கோடு விழுந்ததும் திரும்பிப் போகிறவள் என்பதால், அதன் சொந்தக்காரனை அவள் பார்த்ததே இல்லை. யார் அந்த மகராசன்? வாராவாரம் ஸ்கேன் எடுத்து ஆல்பமா போடுகிறான்?

சுற்றும்முற்றும் பார்த்தாள். காலால் ஒரே தள்ளு. நீலச் செருப்பு மணல் வாளிக்குப் பின்னால் போய் ஒளிந்தது.

சனிக்கிழமை சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொல்லிக்கொள்ளலாம்.

தெய்வசிகாமணி வந்து எண்ணினார். ரோசாவின் செருப்பு இருபது. அதைத் தாண்டித்தான் கோடு விழுந்தது.

செருப்புக்காரன் இதோ வந்து கத்தப்போகிறான் என்று மதியம் வரை அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. கடைசியாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு ஸ்கேன் எடுத்து முடித்ததும் டெக்னீஷியன் அன்பழகன் வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினார். அங்கேயே நின்று நெளிந்தார்.

"காலையிலேர்ந்து அடக்கிக்கினு இருக்கேம்மா. பாத்ரூம் போறதுக்குன்னு அஞ்சு மாசமா இங்கியே போட்டு வெச்சிருந்தேன், நீலச் செருப்பு. எவனோ தூக்கினு போயிட்டான்."

கழுத்தில் பூசிய ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்த ரோசாவின் கை நின்றது.

அப்படியானால் மூன்று செவ்வாயும் அவள் இருபதாவது ஆள்தான். அஞ்சு மாதத்துக்கு எத்தனை செவ்வாய் என்று விரல் விட்டு எண்ணினாள். விரல்கள் தீர்ந்துபோயின. அத்தனை பேர் இப்படித்தான் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

வாளிக்குப் பின்னாலிருந்து செருப்பை எடுத்துவந்து, அறைக்குள்ளே மேசைக்கடியில் வைத்தாள்.

"இனிமே உள்ளியே வெச்சிக்குங்க சார்."

சனிக்கிழமைக்கு இனி வேறு பாவம் தேட வேண்டும்.