மூணு தீவு மரவள்ளியும் முதல் பானையும்

கிழங்குக் கதைன்னதும் வாயுத் தொல்லையைப் பத்திப் பேசப்போறேன்னு மூக்கைப் பொத்திக்கிட்டீங்களா? கையை எடுங்க, இது மானப் பிரச்சினை.

மூணு தீவும் சேர்ந்து திருவிழா எடுத்துச்சு. பூர்வீகமா இங்கேயே இருக்கிற கிழங்குக்குத்தான் முதல் பானையில வேகுற மரியாதைன்னு பேச்சு. மணல் தீவு செவப்பு மரவள்ளிக்கு ஒரே பயம். தோத்துட்டா ஆட்டுக்குப் போட்டுடுவாங்க.

பக்கத்துல மலைத் தீவு வெள்ளை மரவள்ளி.

"பாறைச் சந்துலயா வெளைஞ்சீங்க அண்ணே?"ன்னு செவப்பு வாயைப் பொளந்துச்சு.

"ஆமா தம்பி. நீ உப்புக் காத்துலயா? பலே ஆளுய்யா!"

"நான் மழைத்தண்ணி தேங்குனாலும் அழுகமாட்டேன்"னு சேத்துத் தீவு மஞ்சள் மரவள்ளி சொன்னதும் ரெண்டும் அசந்துபோச்சு.

"கெட்டிக்காரங்கதான். ஆனா எங்க தாத்தனுக்குத் தாத்தனே படகேறி வந்தவன் இல்லை"ன்னு செவப்பு நெஞ்சை நிமித்துச்சு.

"எங்க தாத்தன் மட்டும் வந்தானா?"ன்னு மத்த ரெண்டும் எகிறுச்சு.

அடுப்புல விறகா கெடந்த பழைய படகுப் பலகைக்குப் பொறுக்கலை.

"அடேய், வழியெல்லாம் என் மேல வாந்தி எடுத்துக்கிட்டே வந்த ஒரே குச்சிடா நீங்க! மூணா ஒடிச்சு மூணு கரையில நட்டாங்க!"